உப்பைப் பிடிக்க ஒரு படிப்பா?



நீளமான பதிவு இது. வேலையாக இருப்பவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். படிக்காமல் கும்பிடு போடும் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் நான். யார் படித்தார், யார் படிக்கவில்லை என்பது பதிலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் நல்லவாட்டில் நடந்த காதணி விழாவுக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் என் அண்ணன் பேத்தி உட்கார்ந்திருந்தாள். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிற பிள்ளை. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாதீங்க தாத்தா" என்றாள். போடவில்லை.) என்ன ஆராய்ச்சி என்று என் மைத்துனர் கேட்டார். உயிருக்கு முக்கியமான எதிர் அயனிகளை, அதாவது குளோரைடு, பாஸ்பேட் போன்றவற்றை, ஒன்றை மட்டும் தேர்ந்து பிடிக்கிற மூலக்கூறுகளைச் செயற்கையாக வடிவமைப்பது என்று அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொன்னாள்.

"உப்பப் புடிக்கவா அஞ்சு வருஷம்? நம்ம ஊர்ல கடலே இருக்கு. ஒரு குடம் மொண்டு குடுத்தா போச்சு" என்றார் மைத்துனர். பந்தியே சிரித்தது. பக்கத்தில் இருந்த என் பழைய மாணவன் ஒருவன், இப்போது ஆர்.ஓ. மெஷின் வியாபாரம் செய்கிறவன், "சார், எல்லா அயனியையும் நான் பதினஞ்சாயிரம் ரூபாய் மெஷின்ல எடுத்துடறேன். இதுக்கு எதுக்கு சார் டாக்டர் பட்டம்?" என்றான். இன்னொரு அம்மா, பி.எட். முடித்தால் நல்ல இடமாக அமையும் என்றார். அவள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் குடம் ஜோக்குக்கு நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. வேதியியல் வாத்தியார் என்று ஊரே கூப்பிடுகிற ஒருவன் அங்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். அன்று பேசாததை இன்று எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குடம். மைத்துனரே, வாருங்கள், கடலுக்கே போவோம். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் குளோரைடு சுமார் 19 கிராம். அதே லிட்டரில் ஃபுளூரைடும் இருக்கிறது, சுமார் 1.3 மில்லிகிராம். எண்ணிக்கையில் பார்த்தால் எட்டாயிரம் குளோரைடுக்கு நடுவில் ஒரு ஃபுளூரைடு. உங்கள் குடத்தில் இருந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுங்கள், மற்றதைத் தொடாமல். முடிந்தால் டாக்டர் பட்டத்தை நானே உங்களுக்கு வாங்கித் தருகிறேன்.

"எடுப்பது" வேறு, "தேர்ந்து எடுப்பது" வேறு. இந்த வித்தியாசம் நம் ஊருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெத்திலிக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை, வஞ்சிரத்துக்கு ஒரு வலை என்று கண்ணளவு பார்த்து வலை கட்டுகிற ஊர் இது. சுருக்குமடி வலை பற்றி 2021 ஆகஸ்டில் நம் கடலில் என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். யார் பக்கம் சரி என்று கிளற நான் இப்போது வரவில்லை. வந்ததையெல்லாம் வாரும் வலையும், வேண்டியதை மட்டும் பிடிக்கும் வலையும் ஒன்றல்ல என்பதற்காகக் கடலிலேயே அடித்துக்கொண்ட நாம்தான், ஒரு பெண்பிள்ளை அதையே மூலக்கூறு அளவில் செய்யப் போகிறேன் என்றால் சிரிக்கிறோம்.

என்னிடம் படித்தவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு நினைவிருக்கும். வெள்ளி நைட்ரேட் விட்டால் தயிர் போல வெள்ளை வீழ்படிவு, குளோரைடு. அம்மோனியம் மாலிப்டேட் விட்டால் மஞ்சள், பாஸ்பேட். நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையம். அது வராமல் எத்தனை பேர் செய்முறைத் தேர்வில் என் முகத்தைப் பார்த்திருக்கிறீர்கள்! அன்று உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தச் சோதனைகளெல்லாம் நடந்தது உங்கள் சோதனைக் குழாயில் ஒரே ஒரு உப்பு இருந்ததால்தான். உடம்பில் அப்படி இல்லை. நம் ரத்தத்தில் ஒரு பாஸ்பேட்டுக்குச் சுமார் நூறு குளோரைடு இருக்கிறது, பைகார்பனேட் வேறு. அந்தக் கூட்டத்தில் போய், அமிலம் கொட்டாமல், சூடாக்காமல், பாஸ்பேட்டை மட்டும் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். அப்படிப் பிடிக்கிற மூலக்கூறுக்குத்தான் ஏற்பி என்று பெயர்.

நேர் அயனிகளைப் பிடிப்பது இதைவிடச் சுலபம். சோடியம், பொட்டாசியம் எல்லாம் கோலிக்குண்டு மாதிரி. சரியான அளவில் ஒரு வளையம் செய்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எதிர் அயனிகள் அப்படி இல்லை. குளோரைடு உருண்டை, நைட்ரேட் தட்டையான முக்கோணம், பாஸ்பேட்டும் சல்பேட்டும் நான்முகி. உருவத்திலும் பெரியவை. போதாக்குறைக்கு ஆளைப் பார்த்து நிறம் மாறுகிற குணமும் உண்டு: பாஸ்பேட் அமிலத்தன்மைக்கு ஏற்ப ஹைட்ரஜனை ஏற்றும், இறக்கும், அதற்கேற்பச் சுமையும் மாறும். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். எதிர் அயனியைத் தண்ணீர் மூலக்கூறுகள் கட்டியணைத்து வைத்திருக்கும். ஃபுளூரைடை அந்த அணைப்பிலிருந்து பிரிக்க ஒரு மோலுக்குச் சுமார் 465 கிலோஜூல் ஆற்றல் வேண்டும், குளோரைடுக்குச் சுமார் 340. சின்னவன்தான் தண்ணீரோடு அதிகம் ஒட்டியிருக்கிறான். ஆகவே வலையின் கண்ணளவை மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீரைவிட அன்பாகக் கட்டியணைக்கிற கை வேண்டும்.

இது முடியாத காரியமா? ஒரு பாக்டீரியா செய்கிறது. பாஸ்பேட்டைப் பிடிக்கிற புரதம் ஒன்றும் சல்பேட்டைப் பிடிக்கிற புரதம் ஒன்றும் பாக்டீரியாக்களில் உண்டு. இரண்டும் நான்முகி, அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனாலும் மாற்றிப் பிடிக்காது. அமெரிக்காவில் குயோச்சோ என்பவரின் குழு 1985-லும் 1990-லும் இவற்றின் அமைப்பைப் படமெடுத்துக் காட்டியது. சல்பேட்டை 7 ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடிக்கின்றன, பாஸ்பேட்டை 12. அந்தப் பன்னிரண்டில் ஒன்றுதான் சூட்சுமம். அந்த இடத்தில் ஓர் ஆஸ்பார்ட்டிக் அமிலம், எதிர்ச்சுமையோடு, ஒரு ஹைட்ரஜனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. பாஸ்பேட்டிடம் கொடுக்க ஹைட்ரஜன் இருக்கிறது. சல்பேட்டிடம் இல்லை. ஆகவே சல்பேட் வந்தால் தள்ளிவிடுகிறது. ஒரே ஒரு ஹைட்ரஜனைப் பார்த்து ஆளை அடையாளம் காண்கிறது! வேலையில் இருந்த காலத்தில் இது எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு வகுப்பு முழுக்க இதையே பேசியிருப்பேன். தெரியவில்லை. எதிர் அயனி என்றால் தேர்வுக்கு ஒரு வரி வரையறை என்றுதான் நானும் நடத்தினேன். அந்தக் குறை என்னுடையது.

இனி மைத்துனரின் மாத்திரைக்கு வருகிறேன். அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடப்பது ஊரறிந்தது, அவரே எல்லோரிடமும் சொல்வதுதான். அன்று குடம் ஜோக் சொல்லி முடித்த கையோடு, சட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய வெள்ளை மாத்திரையை எடுத்து, சோற்றில் கை வைக்கும்போது விழுங்கினார். அட்டையைத் திருப்பிப் பாருங்கள் மைத்துனரே. செவலாமர் என்று போட்டிருக்கும். அது என்ன வேலை செய்கிறது தெரியுமா? சாப்பாட்டில் வரும் பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே கொண்டுபோகிறது. எதிர் அயனியைப் பிடிக்க மனிதன் செய்த செயற்கைப் பொருள்தான் அது. நீண்ட சங்கிலி மாதிரியான பாலிமர், அதில் வரிசையாக அமீன் தொகுதிகள், அவை நேர்ச்சுமை ஏற்றுக்கொண்டு பாஸ்பேட்டை இழுத்து வைக்கின்றன. நீங்கள் கிண்டல் செய்த படிப்பின் பெரியப்பா மகனை வேளைக்கு ஒன்றாக விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பேட்டை வெளியேற்ற முடியாது. நாலு மணி நேர டயாலிசிஸும் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். மிச்சம் ரத்தத்தில் ஏறினால் எலும்பிலிருந்து கால்சியம் போகும், ரத்தக்குழாய்ச் சுவரில் படியும். அதனால்தான் டாக்டர் உங்களை நெத்திலியையும் கருவாட்டையும் தொடக்கூடாது என்கிறார். நல்லவாட்டில் பிறந்த மனிதனிடம் அதைச் சொல்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரியாது. முன்பு இதற்கு அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்தார்கள். பாஸ்பேட்டைப் பிடித்தது, ஆனால் அலுமினியம் உடம்பில் சேர்ந்து மூளையையும் எலும்பையும் கெடுத்தது. பிறகு கால்சியம் உப்புகள், அதற்கும் கெடுதல் உண்டு. செவலாமருக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1998-ல். அதுவும் முரட்டு வலைதான். பாஸ்பேட்டோடு பித்த அமிலங்களையும் பிடிக்கிறது. நன்றாகத் தேர்ந்து பிடிக்கிற ஒன்று வந்தால் மாத்திரையின் எண்ணிக்கை குறையலாம். அதை யாராவது உட்கார்ந்து வடிவமைக்க வேண்டும் அல்லவா? யார் செய்வார்கள்? எல்லாரும் பி.எட். போய்விட்டால்?

ஆர்.ஓ. மாணவனுக்கு வருகிறேன். தம்பி, உன் தொழிலை நான் குறைத்துப் பேசவில்லை. கடலோரத்தில் போர் தண்ணீரில் உப்பு ஏறிய இடத்தில் உன் மெஷின் தேவைதான். ஆனால் நீ வீட்டுக்கு வீடு பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் முக்கி, டி.டி.எஸ். எண்ணைக் காட்டிப் பயமுறுத்துகிறாயே, அது என்ன அளக்கிறது? தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை. அவ்வளவுதான். கரைந்திருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவுப்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்ல தண்ணீர். ஃபுளூரைடுக்கு 1, வேறு வழியே இல்லையென்றால் 1.5. நைட்ரேட்டுக்கு 45, அதற்கு மேல் சலுகையே கிடையாது. இப்போது ஒரு தண்ணீரில் மொத்தம் 400, அதில் ஃபுளூரைடு 4 என்று வைத்துக்கொள். உன் கருவி "அருமையான தண்ணீர்" என்று சொல்லும். குடிக்கிற பிள்ளையின் பல் மஞ்சளாகும், எலும்பு வளையும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இந்த எலும்பு நோயை ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களைக் கேள். அவர்களுக்காகத்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. நிலத்தடி நீரில் இருந்து ஃபுளூரைடை மட்டும் மலிவாக எடுக்க முடியாததால், ஆற்றையே குழாயில் கொண்டுவர வேண்டியதாயிற்று. படிகாரமும் சுண்ணாம்பும் போடும் நல்கொண்டா முறையை நாக்பூர் நீரி நிறுவனம் கொடுத்தது, நல்ல முறைதான். ஆனால் தினமும் அளவு பார்த்துக் கலக்க ஆள் வேண்டும், சேறு மிஞ்சும்.

உன் மெஷின் என்ன செய்கிறது? ஒரு மில்லிகிராம் கெட்டதை எடுக்க நானூறு மில்லிகிராமையும் எடுக்கிறது. ஒரு லிட்டர் கொடுத்து இரண்டு, மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகிறது. டி.டி.எஸ். 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ. வேண்டாம், தடை செய்யுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதமே சொன்னது, நீ வாங்குபவர்களிடம் சொல்கிறாயா? தம்பி, உன் மெஷின் சுருக்குமடி. அந்தப் பிள்ளை செய்ய நினைப்பது நெத்திலி வலை.

"சரி சார், இத்தனை வருஷமா ஆராய்ச்சி நடக்குதே, குழாயில மாட்டுற மாதிரி ஒண்ணும் வரலையே?" என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். பேத்தி அனுப்பிய கட்டுரைகளை இரண்டு வாரமாக அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். சிலவற்றைப் படித்தபோது எனக்கே கோபம் வந்தது. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் ஒரு பொருளைக் கரைத்து, ஃபுளூரைடு உப்பைச் சொட்டவிட்டு, நிறம் மாறியதும் "ஃபுளூரைடைக் கண்டறியும் ஏற்பி" என்று எழுதிவிடுகிறார்கள். பல நேரம் அங்கே பிடிப்பதே நடக்கவில்லை. அந்தக் கரைப்பானில் ஃபுளூரைடு வலிமையான காரம், ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு போகிறது, நிறம் மாறுகிறது. அதில் பத்துச் சொட்டுத் தண்ணீர் விட்டால் நிறமும் போச்சு, ஏற்பியும் போச்சு. தர்மபுரிக்காரன் டி.எம்.எஸ்.ஓ. குடிப்பதில்லை. இந்த மாதிரிக் கட்டுரைகளைக் கிண்டல் செய்யுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அரைகுறை வேலைக்கு மருந்து முழு வேலை. துறையையே இழுத்து மூடுவதா? பாலில் தண்ணீர் கலக்கிறான் என்று மாட்டை வெட்டுவார்களா?

நல்ல வேலையும் நடந்திருக்கிறது. 1990-ல் டெக்சாசில் செஸ்லர் குழு சஃபைரின் என்ற நீல நிற வளைய மூலக்கூறைப் படிகமாக்கிப் பார்த்தபோது நடுவில் ஃபுளூரைடு உட்கார்ந்திருந்தது. மாணவராக இருந்தபோதே புற்றுநோயிலிருந்து மீண்டவர் அந்த செஸ்லர். 2019-ல் இண்டியானாவில் ஃப்ளட் குழு குளோரைடுக்கு ஒரு கூண்டு செய்தது. கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன்களை மட்டும் வைத்து, அவை பிணைப்புக்கே லாயக்கில்லை என்று நாங்கள் படித்த காலத்தில் சொன்ன ஹைட்ரஜன்கள், குளோரைடை அசுரப் பிடியாகப் பிடித்தது. அதுவும் கரிமக் கரைப்பானில்தான், மறைக்கவில்லை. ஆனால் வழி தெரிகிறது. நம் நாட்டில் கொல்கத்தா ஐ.ஏ.சி.எஸ். நிறுவனத்தில் பிரத்யுத் கோஷ் இந்தத் துறைக்காரர், 2015-ல் பட்நாகர் விருது பெற்றவர். புனே ஐசரில் பினாகி தாலுக்தார் குழு குளோரைடைச் செல் சவ்வுக்குக் குறுக்கே தூக்கிச் செல்லும் மூலக்கூறுகளைச் செய்கிறது. அது எதற்கு என்கிறீர்களா? குளோரைடு போகும் வாசல் பழுதாகிப் பிறக்கிற குழந்தைகள் உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பார்கள். வியர்வை உப்புக் கரிக்கும், நுரையீரலில் சளி கட்டியாகும். அந்த வாசலுக்கான மரபணுவை 1989-ல் கண்டுபிடித்தார்கள். வாசல் பழுதானால் தோணி போட்டுக் கடத்தலாமா என்று பார்க்கிறார்கள்.

இதெல்லாம் எங்கிருந்து தொடங்கியது தெரியுமா? சார்லஸ் பெடர்சன் என்று ஒருவர், கொரியாவின் பூசானில் பிறந்தவர், அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் வேலை. டாக்டர் பட்டம் வாங்காதவர். வேறு எதையோ செய்யப் போய் மிஞ்சிய துளி அழுக்கை ஊற்றிவிடாமல் என்னவென்று பார்த்தார். நேர் அயனியைப் பிடிக்கும் கிரௌன் ஈதர் வளையங்கள் அதில் இருந்தன. 1967-ல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதே கம்பெனியில் பார்க், சிம்மன்ஸ் இருவரும் கூண்டு மாதிரி ஒரு மூலக்கூறு குளோரைடைப் பிடிப்பதைக் காட்டினார்கள். எதிர் அயனி ஏற்பியின் கதை அங்கே தொடங்குகிறது. பெடர்சனுக்கு 1987-ல் நோபல் பரிசு, அப்போது வயது 83. எதற்கு இந்த வளையம் என்று கேட்க அவருக்கு ஒரு மைத்துனர் இருந்தாரா என்று தெரியவில்லை.

"என்ன பயன்" என்ற கேள்வியை மற்ற ஊர்க்காரர்கள் கேட்டால் பொறுத்துக்கொள்வேன். நாம் கேட்கக்கூடாது. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே தகவல் மையம் வைத்து, கம்ப்யூட்டரும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்தபோது மீன் பிடிக்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரிலிருந்து நம் ஊர்ப் பையன் போன் செய்ய, அந்த ஒலிபெருக்கியில் கத்தித்தான் ஊர் ஓடியது. வீடுகள் போயின, படகுகள் போயின, ஆட்கள் தப்பினார்கள். அன்று ஓடியவர்களில் இந்தப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிய என் அண்ணியும் உண்டு. அப்போது அவள் கைக்குழந்தை.

அண்ணிக்கும் அவள் அப்பாவுக்கும் இதைத் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேலி செய்தது எல்லோர் முன்னாலும், அதனால் பதிலும் எல்லோர் முன்னாலும். பி.எட். மோசமான படிப்பு என்று நான் சொல்வேனா? அதில்தான் என் சோறு. ஆனால் வாத்தியார் வேலை பெண்ணுக்குப் பத்திரம் என்பதற்காக மட்டும் அங்கே போகிறவள் பிள்ளைகளுக்கு எதிர் அயனியை ஒரு வரியில் நடத்திவிட்டுப் போவாள், என்னைப் போல. கல்யாண வயது தாண்டிவிடும் என்கிறீர்கள். அவள் அண்ணன் வேலை தேடி நாலு வருடம் துபாயில் இருந்தானே, அவனுக்கு வயது தாண்டவில்லையா? உதவித்தொகைக்கான தேர்வில் அவள் தேறியிருக்கிறாள். வீட்டுக் காசு ஒரு ரூபாய் கேட்கவில்லை. கேட்பது ஒரு சரி.

அவளிடம் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். எந்த ஏற்பி செய்தாலும் முதல் வாரமே தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். டி.எம்.எஸ்.ஓ.வில் நிறம் மாறியதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது. சரி தாத்தா என்றாள். அவள் வழிகாட்டியும் அதையே சொன்னாராம்.

சேர்வதற்குக் கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை. அண்ணி, வியாழன் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன், தம்பியும் அப்போது கரையில் இருந்தால் நல்லது. மைத்துனரே, அன்று உங்களுக்கு டயாலிசிஸ் இல்லை, நீங்களும் வாருங்கள். மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள், அந்தப் பிள்ளை பார்க்க வேண்டும் என்கிறாள்.